ஆல்புமின் 3.9, எடை 39 கிலோ: ஓர் ஐசியு நிகழ்வு ஆய்வு

52 வயதுப் பெண், வயல் வேலை செய்பவர். நான்கு மாதமாக விழுங்க முடியவில்லை. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு இட்லியும் நின்றது. கடைசி மூன்று வாரம் கஞ்சித் தண்ணீரும் டீயும்தான். ஐசியுவுக்கு வருவதற்கு 11 நாள் முன்பு புறநோயாளிப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். ஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் முக்கிய ரத்தப் புரதம்) டெசிலிட்டருக்கு 3.9 கிராம், சிஆர்பி (அழற்சியில் ஏறும் புரதம்) லிட்டருக்கு 4 மில்லிகிராம், கிரியேட்டினின் (தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 0.4. ஆல்புமினைப் பார்த்துச் சீட்டில் 'ஊட்டம் பரவாயில்லை' என்று எழுதி எண்டோஸ்கோப்பிக்குத் தேதி கொடுக்கப்பட்டது. அன்று அவர் எடை 39 கிலோ. அதே சீட்டின் மேல் மூலையில் அதுவும் எழுதப்பட்டிருந்தது.

இது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. ஐசியுவில் திரும்பத் திரும்பக் காணும் நிலைகளை ஒருவருடைய கதையாகக் கோத்து, எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. மருந்தளவுகள் 38 கிலோ எடையுள்ள, சிறுநீர் நன்றாகப் பிரியும் ஒருவருக்கானவை.

சேர்ந்த இரவு

வாந்தி புரையேறி வலது நுரையீரலில் நிமோனியா. ரத்த அழுத்தம் 74/40, லாக்டேட் (திசுக்கள் ஆற்றலுக்குத் தடுமாறும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) 4.6. வென்டிலேட்டர் வைத்து, ஆன்டிபயாடிக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினும் தொடங்கி, கிலோவுக்கு 30 மில்லி வீதம் முதல் மூன்று மணி நேரத்தில் 1,140 மில்லி சலைன் ஏற்றப்பட்டது. ட்ரிப் போடும் முன் எடுத்த ரத்தத்தில் ஆல்புமின் 3.4, சிஆர்பி 236, ப்ரீஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் இன்னொரு புரதம்) 7, பொட்டாசியம் 3.3, மெக்னீசியம் 1.5, பாஸ்பேட் 2.9, யூரியா 74, கிரியேட்டினின் 0.9, சர்க்கரை 68, ஐஎன்ஆர் (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண்) 1.7.

ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்க இதில் எந்த எண்ணும் தேவைப்படவில்லை. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஏறின. ரவிக்கையின் பக்கத் தையல் இரண்டு முறை உள்ளே பிடித்துத் தைக்கப்பட்டிருந்தது. நெற்றிப்பொட்டு குழிந்து, தோள் எலும்பு சதுரமாகத் துருத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்க வேண்டிய சதை பள்ளமாகியிருந்தது. மகன் கொண்டுவந்த பிபி மாத்திரை நோட்டில் ஆறு மாதம் முன்பு எடை 51 கிலோ. இப்போது எடைக் கட்டிலில் 38. நான்கில் ஒரு பங்கு உடல் கரைந்திருக்கிறது. உயரம் 152 செ.மீ., பிஎம்ஐ 16.4.

2019இல் உலக ஊட்டச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட கிளிம் அளவுகோலின்படி, உடலில் தெரியும் அடையாளம் ஒன்றும் அதற்கான காரணம் ஒன்றும் இருந்தால் போதும், ஊட்டக்குறைவு என்று உறுதி செய்யலாம். ஆறு மாதத்துக்குள் 10 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால் அது கடுமையான நிலை. ஒரு வாரத்துக்கு மேல் தேவையில் பாதிகூடச் சாப்பிடாதது காரணமாக எடுத்துக்கொள்ளப்படும். இவரிடம் இரண்டும் இருந்தன. அந்த அளவுகோலில் ஆல்புமின் இல்லை. அமெரிக்க ஊட்டச் சங்கமான ஆஸ்பென்னும் 2012 ஒருமித்த அறிக்கையிலேயே ஆல்புமினையும் ப்ரீஆல்புமினையும் ஊட்டக்குறைவின் அடையாளப் பட்டியலில் சேர்க்கவில்லை.

எடையை எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். இவருக்கு நான்காம் நாள் எடை 43 கிலோ. கூடியது முழுக்க நீர். சேர்ந்த இரவில் எடுக்கத் தவறியிருந்தால் உண்மையான எடை பிறகு கிடைத்திருக்காது, மருந்துக் கணக்கும் உணவுக் கணக்கும் ஐந்து கிலோ பிசகியிருக்கும்.

பட்டினியில் ஆல்புமின் ஏன் இறங்கவில்லை

நான்கு மாதப் பட்டினிக்குப் பிறகும் 3.9 என்றால் ஆய்வகம் தவறு செய்துவிட்டதோ என்று தோன்றும். தவறு இல்லை. அழற்சி இல்லாத வெறும் பட்டினியில் கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைக்கிறது, அதே வேகத்தில் உடல் அதைச் சிதைப்பதையும் குறைத்துக்கொள்கிறது. உடலின் மொத்த ஆல்புமினில் பாதிக்கு மேல் ரத்தக் குழாய்க்கு வெளியே, திசு இடைவெளிகளில் இருக்கிறது. பட்டினியில் அந்தச் சேமிப்பு உள்ளே வந்து ரத்த அளவைத் தாங்கிப் பிடிக்கிறது. 1944-45இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 தன்னார்வலர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தபோது, எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தும் ரத்தப் புரதம் சிறிதளவே இறங்கியது. சாப்பாட்டைத் தானே மறுக்கும் அனோரெக்ஸியா நோயாளிகளிடமும் எலும்பும் தோலுமான நிலையில் ஆல்புமின் இயல்பாக இருப்பது வழக்கம்.

18 மணி நேரத்தில் நடந்தது

மறுநாள் மாலை ஆல்புமின் 2.3. 'ஒரே நாளில் ஊட்டம் இவ்வளவு மோசமாகிவிட்டது' என்று கோப்பில் ஒரு வரி ஏறியது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள். கல்லீரல் உற்பத்தியை அடியோடு நிறுத்தியிருந்தாலும் 18 மணி நேரத்தில் 2.6 விழுக்காடுதான் குறையும், 3.4 இருந்தது 3.3 ஆகும். ஆனால் இங்கே 1.1 கிராம் போயிருக்கிறது.

அதில் ஒரு பகுதி ஏற்றிய சலைனால் நீர்த்தது. ரத்தப்போக்கு எதுவும் இல்லாமலே ஹீமோகுளோபின் 10.2இலிருந்து 9.2க்கு வந்திருந்தது. அதை வைத்துப் பிளாஸ்மா எவ்வளவு கூடியது என்று கணக்கிட்டால், நீர்த்தல் மட்டும் ஆல்புமினை ஏறக்குறைய 2.9க்கு இறக்கியிருக்கும். மீதி 0.6 ரத்தக் குழாய்ச் சுவர் வழியே திசுவுக்குள் கசிந்தது. நலமாக இருப்பவரிடமும் மணிக்குச் சுமார் 5 விழுக்காடு ஆல்புமின் வெளியே போய், நிணநீர் வழியாகத் திரும்பி வரும். இவருக்கு வந்திருப்பதைப் போன்ற செப்சிஸில், அதாவது தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை செய்யும் நிலையில், இந்தக் கசிவு பல மடங்காகும். இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப்பொருட்கள் கல்லீரலைச் சிஆர்பி, ஃபைப்ரினோஜன், ஃபெரிட்டின் தயாரிக்கத் திருப்பிவிடுவதால் ஆல்புமின், ப்ரீஆல்புமின், டிரான்ஸ்ஃபெரின் உற்பத்தி பின்னுக்குப் போகிறது.

ஆகவே 2.3 என்ற எண் பொய் இல்லை. நோய் எவ்வளவு கடுமை, ரத்தக் குழாய் எவ்வளவு கசிகிறது, எவ்வளவு நீர் ஏற்றினோம் என்று அது சொல்கிறது. ஆல்புமின் குறைந்தவர்களிடம் இறப்பும் சிக்கல்களும் அதிகம் என்பது உறுதியான உண்மை. அந்த அபாயத்துக்குக் காரணம் சாப்பாடு இல்லாதது என்று படிக்கும்போதுதான் சிகிச்சை தடம் மாறுகிறது. இவருக்கு அப்படித்தான் மாறியது.

மூன்றாம் நாள் காலை

ஆல்புமின் 2.3 என்பதால் 'முழு உணவும் உடனே தொடங்குக' என்று உத்தரவு. இரண்டாம் நாள் காலை எண்டோஸ்கோப்பி உதவியோடு கைடு வயர் மேல் மெல்லிய மூக்குக் குழாய் இறக்கப்பட்டிருந்தது. மாலை ஏழு மணிக்கு, மில்லிக்கு 1 கிலோகலோரி உள்ள திரவ உணவு மணிக்கு 60 மில்லி வேகத்தில் தொடங்கியது. நாளுக்கு 1,440 கிலோகலோரி, அதாவது கிலோவுக்கு 38. சர்க்கரை 68 இருந்ததற்காகப் போட்ட 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்பும் மணிக்கு 50 மில்லி ஓடிக்கொண்டிருந்தது. அது இன்னொரு 200 கிலோகலோரி. நள்ளிரவில் சர்க்கரை 214 ஆனதும் இன்சுலின் தொடங்கப்பட்டது.

காலையில் நார்அட்ரினலின் நின்றுவிட்டது, ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்க முயன்றபோது மூச்சு நிமிடத்துக்கு 38, ஒவ்வொரு மூச்சும் 190 மில்லி. பத்து நிமிடத்தில் முயற்சி கைவிடப்பட்டது. 1.8க்கு இறங்கியிருந்த லாக்டேட், அழுத்தம் குறையாமலே 3.9க்கு ஏறியது. ரத்த வாயுக் கருவியில் பொட்டாசியம் 2.7. அதைப் பார்த்துத்தான் பாஸ்பேட் அனுப்பப்பட்டது. முடிவு 1.1, மெக்னீசியம் 1.2.

பாஸ்பேட் அதுவரை மறுபடி பார்க்கப்படவே இல்லை. நம் ஆய்வகச் சீட்டில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று டிக் செய்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சில இடங்களில் பைகார்பனேட், அவ்வளவுதான் வரும். பாஸ்பேட்டும் மெக்னீசியமும் தனியாக எழுதினால்தான் உண்டு. பட்டினி கிடந்தவருக்கு உணவு தொடங்கும்போது மிகவும் தேவையான இரண்டு பரிசோதனைகள் அந்தத் தொகுப்புக்கு வெளியே நிற்கின்றன.

முதல் நாள் பாஸ்பேட் 2.9 இயல்பாகத்தானே இருந்தது என்று கேட்கலாம். அந்த எண்ணைக் கிரியேட்டினினோடு சேர்த்துப் படித்திருக்க வேண்டும். 0.9க்கு ஆய்வகம் சிவப்புக் குறி போடாது. ஆனால் 11 நாள் முன்பு இவருக்கு 0.4. தசை கரைந்த உடலில் கிரியேட்டினின் தயாராவதே குறைவு, அதனால் 0.9 என்பது இரண்டு மடங்குக்கு மேலான ஏற்றம், சிறுநீரகப் பாதிப்பின் இரண்டாம் நிலை. சிறுநீரகம் தடுமாறினால் பாஸ்பேட் வெளியேறாது. அமிலத்தன்மை செல்லுக்குள் இருப்பதை வெளியே தள்ளும். நீர் வறட்சி எல்லாவற்றையும் செறிவாக்கும். உள்ளே காலியான சேமிப்பை இந்த மூன்றும் சேர்ந்து மூடி வைத்திருந்தன. சலைன் ஏறி, சிறுநீரகம் மீண்டு, உணவும் இன்சுலினும் வந்ததும் மிச்சமிருந்த பாஸ்பேட் செல்லுக்குள் பாய்ந்தது. பாஸ்பேட் இல்லாமல் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி இல்லை, ஏடிபி இல்லாமல் மூச்சுத் தசையான உதரவிதானம் இழுக்காது. விடுவிப்பு முயற்சி தோற்றதற்குக் காரணம் அதுதான்.

லாக்டேட் ஏறியது தயமின் (விட்டமின் பி1) பற்றாக்குறையால். மூன்று வாரக் கஞ்சித் தண்ணீரில் போதிய தயமின் இருக்காது. குளுக்கோஸ் வந்து குவியும்போது தயமின் இல்லாவிட்டால், குளுக்கோஸ் உடைந்து உருவாகும் பைருவேட் மேலே போக வழியின்றி லாக்டேட்டாகத் தேங்கும். தயமின் அளவுக்கு ரத்தம் அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. உணவுக்கும் டெக்ஸ்ட்ரோஸுக்கும் முன்பே ஊசி போட வேண்டும், இவருக்கு முதல் இரவு சர்க்கரை 68க்கு டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தபோதே போட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பென் 2020 வரையறைப்படி, உணவு தொடங்கிய ஐந்து நாளுக்குள் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் இவற்றில் ஏதாவது ஒன்று 30 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் கடுமையான ரீஃபீடிங் சிண்ட்ரோம், அதாவது பட்டினிக்குப் பிறகு உணவு தொடங்கும்போது தாதுக்கள் சரியும் கோளாறு. இவருக்கு பாஸ்பேட் 62 விழுக்காடு இறங்கியிருக்கிறது.

திருத்திய விதம்

டெக்ஸ்ட்ரோஸ் நிறுத்தப்பட்டது. உணவு மணிக்கு 20 மில்லியாகக் குறைக்கப்பட்டு 48 மணி நேரம் அங்கேயே நின்றது. நாளுக்கு 480 கிலோகலோரி, கிலோவுக்கு 13க்குச் சற்றுக் குறைவு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 13 ஐசியுக்களில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வும் இதே வழியில்தான் போனது: பாஸ்பேட் விழுந்தவர்களுக்கு மணிக்கு 20 கிலோகலோரி, குறைந்தது இரண்டு நாள்.

தயமின் நாளுக்கு 300 மில்லிகிராம் நரம்பு வழியாக. பொட்டாசியம் பாஸ்பேட் ஊசி மருந்தில் மில்லிக்கு 3 மில்லிமோல் பாஸ்பேட், 4.4 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம். அதில் 5 மில்லியை, அதாவது 15 மில்லிமோலை, 250 மில்லி சலைனில் கலந்து சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்துக்குள் வைத்த குழாய்) வழியாக ஆறு மணி நேரத்தில் ஏற்றி, மறுபடி பார்த்து, இன்னொரு முறை. கால்சியம் ஓடும் லைனில் இதைச் சேர்த்தால் படிகமாகி அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் மீளாதவருக்கு இதே அளவு கொடுத்தால் பொட்டாசியம் ஆபத்தாக ஏறும். மெக்னீசியம் சல்பேட் 2 கிராம் 100 மில்லியில் நான்கு மணி நேரம். மெக்னீசியம் நிரம்பாவிட்டால் கொடுக்கும் பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும், எத்தனை முறை கொடுத்தாலும் அளவு சரியாக ஏறாது.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பாஸ்பேட் 1.1, 1.7, 2.2, 2.6. லாக்டேட் மறுநாளே 1.6. ஐந்தாம் நாள் மாலை உணவு மணிக்கு 27 மில்லி, பிறகு ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கூட்டி, பத்தாம் நாள் 1,000 கிலோகலோரி, புரதம் 49 கிராம். ஆறாம் நாள் வென்டிலேட்டர் எடுக்கப்பட்டது.

இங்கே ரத்தம் எடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். குழாயில் சிவப்பணு உடைந்தாலும், மாதிரி மணிக்கணக்கில் பிரிக்காமல் கிடந்தாலும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் பொய்யாக உயர்ந்து, இருக்கும் குறைவை மறைத்துவிடும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை மற்றொரு குழாயில் ஊற்றினால் அதிலுள்ள இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இறக்கும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையில் எடுத்தால் சர்க்கரை எகிறி, மற்றவை நீர்த்து வரும்.

ஆல்புமின் பாட்டில்

நான்காம் நாள் ஆல்புமின் 1.9. '20 விழுக்காடு ஆல்புமின், தினம் ஒரு பாட்டில், மூன்று நாள்.' ஒரு பாட்டில் 100 மில்லி, அதில் 20 கிராம் ஆல்புமின். விலை சில ஆயிரம் ரூபாய். வெளியே வாங்கி வரச் சொன்னால் குடும்பம் நகையை அடகு வைத்தாவது வாங்கும். 'புரதம் குறைவு' என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது, பாட்டிலில் புரதம் வருகிறது, அம்மாவுக்குத் தெம்பு வரும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் சொன்ன சொல்தான் காரணம்.

மூன்று பாட்டிலுக்குப் பிறகு 2.6. இரண்டு நாள் கழித்து 2.1. கசியும் குழாயில் ஊற்றியது கசிந்தது. உள்ளே தங்கியதும் உணவாகாது. அரை ஆயுள் 20 நாள் உள்ள புரதம் மெல்லச் சிதைந்து அமினோ அமிலமாகும் வரை தசைக்கு அதனால் பயனில்லை. இத்தாலியின் 100 ஐசியுக்களில் 1,818 செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆல்பியோஸ் ஆய்வில், ஆல்புமினை 3க்கு மேல் நிறுத்த ஊசி போட்டும் 28ஆம் நாள் இறப்பும் 90ஆம் நாள் இறப்பும் குறையவில்லை. கல்லீரல் சுருக்க நோயில் வயிற்று நீரை லிட்டர் கணக்கில் எடுக்கும்போது ஆல்புமின் அவசியம், அது வேறு காரணம். ஊட்டத்துக்காக ஆல்புமின் பாட்டில் எழுதக் கூடாது.

ப்ரீஆல்புமின் யாரைப் பின்தொடர்கிறது

அரை ஆயுள் இரண்டு மூன்று நாள்தான் என்பதால், கொடுக்கும் உணவு பலிக்கிறதா என்று பார்க்க ப்ரீஆல்புமின் நல்லது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. இவருடைய எண்கள், ப்ரீஆல்புமின் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் (இயல்பு 20 முதல் 40), சிஆர்பி லிட்டருக்கு மில்லிகிராமில்:

1ஆம் நாள்: சிஆர்பி 236, ப்ரீஆல்புமின் 7, உணவு இல்லை.
5ஆம் நாள்: சிஆர்பி 142, ப்ரீஆல்புமின் 9, உணவு இலக்கில் பாதிக்கும் குறைவு.
10ஆம் நாள்: சிஆர்பி 41, ப்ரீஆல்புமின் 16, உணவு முழு இலக்கு.
14ஆம் நாள்: சிஆர்பி 168, ப்ரீஆல்புமின் 10, உணவு முழு இலக்கு.
20ஆம் நாள்: சிஆர்பி 24, ப்ரீஆல்புமின் 19, உணவு முழு இலக்கு.

பதினான்காம் நாள் சென்ட்ரல் லைனில் தொற்று. உணவில் ஒரு மில்லிகூடக் குறையவில்லை, ப்ரீஆல்புமின் மட்டும் விழுந்தது. லைனை எடுத்து ஆன்டிபயாடிக் மாற்றியதும் அதே உணவில் ஏறியது. சிஆர்பியோடு சேர்க்காமல் ப்ரீஆல்புமினைப் படித்திருந்தால் 14ஆம் நாள் 'உணவு போதவில்லை' என்று அளவைக் கூட்டியிருப்பார்கள், லைன் தொற்று இன்னும் ஒரு நாள் தாமதமாகப் பிடிபட்டிருக்கும். சிறுநீரகச் செயலிழப்பிலும் ஸ்டீராய்டு எடுப்பவரிடமும் இதே பரிசோதனை பொய்யாக உயரும். சிஆர்பி பரிசோதனை மட்டும் போதும், ப்ரீஆல்புமினுக்கான பணம் மிச்சம்.

மற்ற எண்கள்

முதல் நாளே ஒரு 'விட்டமின் பேனல்' அனுப்பப்பட்டிருந்தது. துத்தநாகம் குறைவு, செலினியம் குறைவு, விட்டமின் ஏ, டி குறைவு. கிளாஸ்கோவிலிருந்து 2012இல் வந்த ஆய்வின்படி, சிஆர்பி 20க்குக் கீழ் இருந்தால்தான் துத்தநாக அளவை நம்பலாம். செலினியம், ஏ, டி ஆகியவற்றுக்கு 10க்குக் கீழ், பி6, சி ஆகியவற்றுக்கு 5க்குக் கீழ். 236இல் எடுத்த பேனல் வீண். ஃபெரிட்டின் 640 என்பதும் இரும்பு நிறைந்திருப்பதாகச் சொல்லவில்லை, அழற்சியில் அது தானாக ஏறும். லிம்போசைட் எண்ணிக்கையும் செப்சிஸில் விழும், ஊட்டத்துக்கு அது உதவாது.

உண்மையிலேயே ஊட்டக் குறையைக் காட்டியது ஐஎன்ஆர். 1.7 இருந்தது, விட்டமின் கே 10 மில்லிகிராம் நரம்பு வழி கொடுத்ததும் மறுநாள் 1.2. மருந்துக்கு இப்படி இறங்கினால் குறைவாக இருந்தது விட்டமின் கே என்று பொருள். இறங்காவிட்டால் கல்லீரலையும் செப்சிஸையும் பார்க்க வேண்டும்.

மொத்தக் கால்சியம் 7.4 வந்தபோது ஆல்புமினுக்குத் திருத்தி 8.9 என்று விட்டுவிட்டார்கள். வாயுக் கருவியில் அயனிக் கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் கால்சியம்) 0.98, குறைவுதான். ஐசியுவில் அந்தத் திருத்தக் கணக்கை நம்பக் கூடாது.

அறுவைக்கு முன்

திசுச் சோதனையில் உணவுக்குழாய்ப் புற்று. 22ஆம் நாள் வீக்கம் வடிந்த பிறகு எடை 39.5, சிஆர்பி 18, ஆல்புமின் 2.7. 'ஆல்புமின் 3.5 ஆன பிறகு பார்க்கலாம்' என்று அறுவைப் பிரிவின் குறிப்பு வந்தது. அறுவை அபாயத்தைக் கணிக்க ஆல்புமின் பயன்படும். ஐரோப்பிய ஊட்டச் சங்கத்தின் அறுவை வழிகாட்டலிலும் 3க்குக் கீழ் என்பது கடும் அபாயக் குறிகளில் ஒன்று. ஆனால் புற்று இருக்கும் வரை அழற்சியும் இருக்கும், 3.5க்காகக் காத்திருந்தால் கட்டி வளரும். அந்த வழிகாட்டல் கேட்பது 7 முதல் 14 நாள் ஊட்ட சிகிச்சை, அறுவை அதனால் தள்ளிப்போனாலும் சரி.

கூட்டாகப் பேசி முடிவானது: குழாய் உணவோடு சிறுகுடலில் ஊட்டத் துளை, நாளுக்கு 1,150 கிலோகலோரி, 55 கிராம் புரதம், வாரம் ஒருமுறை ஒரே எடைக் கருவியில் எடை, கைப்பிடி வலிமை, சிஆர்பி. உணவு அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் மறுநாள் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம். புற்றுக்கு அறுவைக்கு முன் கொடுக்கும் முன்சிகிச்சையை ஆல்புமினுக்காகத் தள்ளிப்போடவில்லை. ஐந்தாம் வாரம் எடை 41.2 கிலோ, சிஆர்பி 9, தானாக எழுந்து கழிப்பறைக்கு நடக்கிறார். ஆல்புமின் 2.9. முன்சிகிச்சை அன்று தொடங்கியது.